கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: செம்புச் சுரங்கக் கடன் பற்றி வாசகர் கேள்விகள்

செம்புச் சுரங்கங்களுக்கு வளர்ச்சி வங்கிகள் தரும் கடன் பற்றியும், அந்தச் சுரங்கங்களின் பக்கத்தில் வாழ்கிறவர்கள் என்ன செய்யலாம் என்பது பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றில் ஒரு பகுதிக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சுரங்கம் நடத்துவது பெரிய பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள். வறுமை ஒழிப்புக்கென்று இருக்கிற உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் அவர்களுக்கு ஏன் கடன் கொடுக்க வேண்டும்? அவர்களிடமா பணம் இல்லை?

பதில்: பணம் இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை. பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கம் ஒன்றை எழுப்பப் பல நூறு கோடி டாலர் ஆகும். முதல் சரக்கு வெளியே வர நாலைந்து வருடம் ஆகிவிடும். அதற்குள் ஆட்சி மாறலாம், ஒப்பந்தம் ரத்தாகலாம், செம்பு விலை சரியலாம். ஆகவே கம்பெனிகள் முழுப் பணத்தையும் தங்கள் கையிலிருந்து போடுவதில்லை. அந்த ஒரு சுரங்கத்துக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கி, செலவில் பெரும்பகுதியை அதன் பெயரில் கடனாக வாங்குவார்கள். கட்டுமானம் முடியும்வரை தாய்க் கம்பெனி பொறுப்பேற்கும். முடிந்த பிறகு சுரங்கம் படுத்துவிட்டால், கடன் கொடுத்தவர் சுரங்கத்தைத்தான் பிடிக்கலாமே தவிர தாய்க் கம்பெனியின் கல்லாவில் கை வைக்க முடியாது.

இப்படிப்பட்ட கடனுக்கு வணிக வங்கிகள் தனியாக வரத் தயங்கும். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. (சர்வதேச நிதிக் கழகம்) உள்ளே இருந்தால் வரும். நாட்டில் டாலர் தட்டுப்பாடு வந்தாலும் ஐ.எஃப்.சி.க்குத் தர வேண்டியதை எந்த அரசும் எளிதில் நிறுத்திவைப்பதில்லை. அந்தக் குடைக்குள் மற்ற வங்கிகளும் ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ‘ஏ கடன், பி கடன்’ என்று பெயர். ‘ஏ’ என்பது ஐ.எஃப்.சி.யின் சொந்தப் பணம். ‘பி’ மற்ற வங்கிகள் போட்ட பணம், ஆனால் பத்திரத்தில் கடன் கொடுத்தவர் என்று ஐ.எஃப்.சி.யின் பெயரே இருக்கும்.

மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் உள்ள ஓயு தொல்கோய் சுரங்கத்துக்கு 2015 டிசம்பரில் 440 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் ஆனது இப்படித்தான். ஐ.எஃப்.சி., ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கி, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்கள், இவற்றின் நிழலில் 15 வணிக வங்கிகள். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் உள்ள ரெக்கோ திக் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்ட 41 கோடி டாலரில் 30 கோடி கடன், மீதி 11 கோடி உத்தரவாதம். மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் வளர்ச்சி வங்கிகளின் பங்கு சிறியது. ஆனால் அந்தச் சிறிய தொகைதான் மற்ற பூட்டுகளைத் திறக்கிற சாவி.

கேள்வியில் இருக்கிற கோபம் நியாயமே. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வளர்ச்சி வங்கி வந்தால் அதன் விதிப் புத்தகமும் கூடவே வருகிறது. அது வராத சுரங்கத்தில் ஊர்க்காரர் கையில் உள்ளூர்ச் சட்டம் மட்டும்தான்.

கேள்வி: மின்வாகனம், காற்றாலை எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும், இது பசுமை உலோகம் என்கிறார்கள். பிறகு ஏன் பக்கத்து ஊர்கள் பயப்படுகின்றன?

பதில்: செம்பைப் பார்த்து யாரும் பயப்படவில்லை, அதோடு வெளியே வருவதைப் பார்த்துத்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று தோண்டப்படும் பல சுரங்கங்களில் தாதுவில் செம்பு 0.5 சதவீத அளவில்தான் இருக்கிறது. அதில் 90 சதவீதத்தைப் பிரித்தெடுத்தாலும் 1 டன் செம்புக்குச் சுமார் 220 டன் தாது அரைக்க வேண்டும். தாதுவை எட்டுவதற்கு மேலே மூடியிருக்கும் வெறும் பாறையை அகற்ற வேண்டும். ஒரு டன் தாதுவுக்கு 2 டன் பாறை என்று வைத்தால் அது இன்னொரு 440 டன். ஆண்டுக்கு 2 லட்சம் டன் செம்பு எடுக்கிற சுரங்கம், அரைத்த சகதியை மட்டும் ஆண்டுக்கு 4.4 கோடி டன் அளவுக்கு எங்கேயாவது கொட்டியாக வேண்டும்.

அரைப்பதற்கும், நுரை எழுப்பித் தாதுவைப் பிரிப்பதற்கும் தண்ணீர் வேண்டும். நன்றாக மறுசுழற்சி செய்கிற ஆலையிலும் ஒரு டன் தாதுவுக்கு 0.6 கனமீட்டர் புதுத் தண்ணீர் போகும் என்று கொண்டால், மேலே சொன்ன சுரங்கத்துக்கு நாளொன்றுக்கு 7 கோடி லிட்டருக்கு மேல் வரும். வறண்ட நாட்டில் இது யாருடைய நிலத்தடி நீர் என்பதுதான் முதல் சண்டை.

அடுத்தது அமிலம். செம்புத் தாதுவோடு பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் சேர்ந்தே இருக்கும். பூமிக்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே கொட்டியதும் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலமாகக் கசியத் தொடங்குகிறது. அமிலம் போகிற வழியில் செம்பு, ஆர்செனிக், காட்மியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போகும். ஒருமுறை தொடங்கினால் கம்பெனி மூடிய பிறகும் நிற்காது. அங்கேயே உருக்காலையும் இருந்தால் கந்தக டைஆக்சைடு வேறு. சால்கோபைரைட் என்ற முக்கியத் தாதுவில் செம்பும் கந்தகமும் ஏறக்குறைய சம எடை. ஆகவே 1 டன் செம்பு உருக்கும்போது 2 டன் கந்தக டைஆக்சைடு கிளம்பும். அதைப் பிடித்து அமிலமாக மாற்றாவிட்டால் புகைபோக்கி வழியே ஊருக்குள் இறங்கும்.

மீன் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று ஒன்று. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உப்புக் குறைந்த மென்னீரில் மீனுக்கு அதில் நூறில் ஒரு பங்கே ஆபத்து. ‘ஆற்று நீர் குடிநீர்த் தரத்துக்குள்தான் இருக்கிறது’ என்ற அறிக்கை உண்மையாக இருக்கும்போதே ஆற்றில் மீன் செத்து மிதக்கலாம். மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் ‘நீர்வாழ் உயிர்களுக்கான அளவு என்ன?’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: சகதியைத் தேக்கும் அணை உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நவீன முறையில் கட்டினாலும் உடையுமா?

பதில்: எந்த முறையில் உயர்த்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த அணைகளை ஒரே மூச்சில் கட்டுவதில்லை, கழிவு சேரச் சேர உயர்த்திக்கொண்டே போவார்கள். புதுக் கரையை வெளிப்புறமாக, கெட்டித் தரையில் ஊன்றி உயர்த்துவது ஒரு வகை. ஏற்கெனவே கொட்டிய சகதியின் மேலேயே புதுக் கரையை உட்கார வைத்து உள்நோக்கி ஏறுவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு மண்ணும் செலவும் குறைவு, ஆபத்து அதிகம். நிலம் குலுங்கினாலோ உள்ளே நீர்மட்டம் ஏறினாலோ கீழே இருக்கும் சகதி திடீரெனக் கூழாகி, மேலே நிற்கிற கரை நழுவிவிடும்.

சிலி நாட்டில் 1965 மார்ச்சில் பூகம்பம் வந்தபோது எல் கோப்ரே சுரங்கத்தின் கழிவு அணை இப்படித்தான் உடைந்து 200க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தது. (‘கோப்ரே’ என்றாலே ஸ்பானிய மொழியில் செம்பு.) ஐந்து ஆண்டில் சிலி அந்த முறையையே தடை செய்தது. பிரேசிலில் 2019 ஜனவரியில் புருமாதின்யோ அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அது இரும்புச் சுரங்கம், ஆனால் அணை அதே வகை. அதன் பிறகுதான் 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகத் தர விதி வந்தது.

உயிர்ச்சேதம் இல்லாமலும் ஒரு நகரத்தின் வாயைக் கட்டிவிட முடியும். ஜாம்பியாவில் 2025 பிப்ரவரி 18 அன்று சாம்பிஷி அருகே ஒரு செம்பு ஆலையின் அணை உடைந்து, முதல் அறிக்கைகளின்படி சுமார் 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ஓடை வழியாகக் கஃபூவே ஆற்றில் கலந்தது. கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. ஆற்றோரத் தோட்டப் பயிர்கள் கருகின.

அணை பற்றிய கூட்டத்துக்குப் போனால் ‘பாதுகாப்பானதா?’ என்று கேட்காதீர்கள், ‘ஆம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். உயர்த்தும் முறை எது, உடைந்தால் வெள்ளம் எந்த ஊரை எத்தனை நிமிடத்தில் எட்டும், அந்த வரைபடம் எங்கே, அபாய வகுப்பு (உடைந்தால் எவ்வளவு சேதம் என்ற தரவரிசை) என்ன, சுயேச்சையான ஆய்வுக் குழுவின் அறிக்கையைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். வெள்ள வரைபடம் தர மறுத்தால், உங்கள் ஊர் அதற்குள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை என்று இரண்டாயிரம் பக்கம் போடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எதைப் படிப்பது?

பதில்: முழுவதும் படிக்க வேண்டாம். படிக்கக் கூடாது என்பதற்காகவே சில அறிக்கைகள் அவ்வளவு பருமனாக இருக்கின்றனவோ என்று சந்தேகம் வரும். நாலு இடம் போதும்.

முதலில் தண்ணீர் வரவு செலவு அட்டவணை. எங்கிருந்து எடுக்கிறார்கள், மழையில்லாத ஆண்டில் எவ்வளவு, பெருமழை ஆண்டில் மிஞ்சுவதை எங்கே விடுகிறார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். சராசரி ஆண்டுக்கு மட்டும் கணக்கு இருந்தால் அந்த அட்டவணை பயனற்றது. அணைகள் சராசரி ஆண்டில் வழிவதில்லை.

அடுத்து அமிலச் சோதனை. ஒரு டன் பாறையில் உள்ள கந்தக சதவீதத்தை 31.25 ஆல் பெருக்கினால், அந்தப் பாறை உண்டாக்கக்கூடிய அமிலத்தை முறிக்க எத்தனை கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும் என்று தெரியும். 2 சதவீதக் கந்தகம் என்றால் 62.5 கிலோ. பாறையிலேயே இயற்கையாக 50 கிலோவுக்கு ஈடான சுண்ணாம்புத் தன்மைதான் இருக்கிறது என்றால் விகிதம் 0.8. ஒன்றுக்குக் கீழே போனால் அமிலம் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே சந்தேகக் கேஸ், அதற்கு மேலே ஓரளவு நிம்மதி. சந்தேகக் கேஸுக்கு ஈரக்காற்றுக் கூண்டில் குறைந்தது 20 வாரம் பாறையை ஊறவைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. வழக்கமான தில்லுமுல்லு என்னவென்றால், எத்தனையோ கோடி டன் பாறைக்குப் பத்துப் பதினைந்து மாதிரி மட்டும் எடுத்து எல்லாவற்றுக்கும் சராசரி போடுவது. பாதிக் குவியல் அமிலமாகி மறுபாதி ஆகாமல் இருந்தால் சராசரி அழகாகத்தான் வரும்.

மூன்றாவது, தொடக்க நிலை அளவுகள். சுரங்கம் வருமுன் உங்கள் கிணற்றில் என்ன இருந்தது? ஒரே பருவத்தில் எடுத்த அளவு செல்லாது, கோடையும் மழைக்காலமும் சேர்ந்த ஓர் ஆண்டாவது வேண்டும். இதில் மட்டும் கம்பெனியை நம்பி இருக்காதீர்கள். ஊரில் உள்ள கிணறு, ஊற்று ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வருடத்தில் இரண்டு முறை அமிலத் தன்மை, சல்பேட், செம்பு, ஆர்செனிக் நாலையும் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் பார்த்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு வருடம் கழித்து ‘இது இயற்கையாகவே அப்படித்தான்’ என்று யாராவது சொல்லும்போது அந்த நோட்டு பேசும். சல்பேட் ஏறுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. நீர் அமிலமாக மாறுவதற்கு வெகு முன்பே அது ஏறத் தொடங்கும்.

நாலாவது, சுரங்கத்தோடு ஒட்டி வருபவை: மின்நிலையம், சாலை, ரயில், துறைமுகம். வங்கி இவற்றுக்குப் பணம் போடாவிட்டாலும், சுரங்கத்துக்காகவே கட்டப்பட்டு, இவை இல்லாமல் சுரங்கம் ஓடாது என்றால், ஐ.எஃப்.சி. விதிப்படி இவற்றின் பாதிப்பையும் ஆராய வேண்டும். பெருவின் லாஸ் பாம்பாஸ் சுரங்கத்தின் முதல் திட்டத்தில் செறிவூட்டிய செம்புத் தூள் குழாய் வழியே போவதாக இருந்தது. 2014இல் சுரங்கம் கைமாறிய பின், திட்டத் திருத்தங்கள் வழியாக அது லாரியாக மாறியது. வழியோர ஊர்கள் தூசிக்கும் அதிர்வுக்கும் எதிராகத் திரும்பத் திரும்பச் சாலையை மறித்தன. ஆகவே அனுமதி வந்த பிறகு வரும் ‘சிறு திருத்தம்’ என்ற தலைப்பிட்ட கடிதங்களை முதலில் படியுங்கள்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாக ஆடு மேய்க்கும் நிலம். எங்கள் பெயரில் பத்திரம் இல்லை. இழப்பீடு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐ.எஃப்.சி.யிடம் எட்டுச் செயல்தர விதிகள் இருக்கின்றன. ஐந்தாவது விதி நிலம் எடுப்பது பற்றியது. சட்டப்படி உரிமை உள்ளவர், சட்டத்தில் இடம்பெறக்கூடிய வழக்க உரிமை உள்ளவர், எந்த உரிமையும் காட்ட முடியாமல் அங்கே வாழ்கிறவர் என்று மூன்று வகை. கடைசி வகையினருக்கு நிலத்துக்கு விலை கிடைக்காது. ஆனால் வீடு, கொட்டகை, கிணறு, மரம் ஆகியவற்றுக்கும், பிழைப்பை மீட்டெடுக்கவும் உதவி உண்டு. மேய்ச்சல் நிலத்தைப் பரம்பரையாகப் பயன்படுத்துகிறவர்கள் தங்களை இரண்டாவது வகையில் சேர்க்கச் சொல்லி வாதாட வேண்டும். பழங்குடி மக்கள் என்றால் ஏழாவது விதியும் சேரும். குறிப்பிட்ட சூழ்நிலைகளில் முன்கூட்டியே, வற்புறுத்தலின்றி, விவரம் தெரிந்து அவர்கள் தரும் சம்மதம் வேண்டும்.

விலை என்றால் மாற்று விலை. அதே மாதிரி வீட்டை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவு, பதிவுக் கட்டணம் உட்பட. ‘முப்பது வருடப் பழைய வீடு’ என்று தேய்மானம் கழிக்கக் கூடாது. மரத்துக்கு இன்றைய காய்ப்பை மட்டும் கணக்கிட்டால் போதாது, புதுக் கன்று காய்க்கும்வரை உள்ள ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும்.

தவறு நடக்கும் இடம் கணக்கெடுப்பு. ‘இந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு எதுவும் இல்லை’ என்று ஒரு தேதி அறிவிப்பார்கள். மேய்ப்பவர்கள் அந்த மாதம் வேறு புல்வெளியில் இருந்தால் பட்டியலில் இருக்க மாட்டார்கள். குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதுவதால் விதவைகளும், தனிக்குடித்தனம் போன மகன்களும் விடுபடுவார்கள். ஓயு தொல்கோய் சுரங்கத்தின் பக்கத்தில் கான்போக்த் பகுதி மேய்ப்பர்கள் இழப்பீடு, மேய்ச்சல் நிலம், தண்ணீர், உந்தாய் ஆற்றைத் திருப்பியது ஆகியவை பற்றி 2012லும் 2013லும் ஐ.எஃப்.சி.யின் குறைதீர்ப்பு அலுவலகத்தில் இரண்டு புகார் கொடுத்தார்கள். மேய்ப்பர், உள்ளூர் அரசு, கம்பெனி மூவரும் சேர்ந்த குழு 2015இல் அமைந்து, 2017 மேயில் உடன்பாடு கையெழுத்தானது. விடுபட்டவர்களின் இழப்பீட்டை மறுபடி பார்ப்பதற்கும் அதில் வழி இருந்தது. புகாரிலிருந்து உடன்பாட்டுக்கு நாலரை வருடம். மந்தை வைத்திருப்பவனுக்கு அது நாலைந்து குளிர்காலம்.

கேள்வி: உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்குமே?

பதில்: கட்டுமானத்தின்போது ஆயிரக்கணக்கில் கிடைக்கும், முடிந்ததும் சட்டென்று குறையும். அந்த இரண்டு மூன்று வருடத்தில் வெளியூரிலிருந்து வேலை தேடி வருகிறவர்களால் வாடகை, அரிசி, தண்ணீர் எல்லாம் விலை ஏறிவிடும். வேலை போனாலும் விலை இறங்காது. ஒப்பந்தத்தில் கட்டுமான வேலை எத்தனை, நிரந்தர வேலை எத்தனை என்று தனித்தனி எண் கேளுங்கள். சேர்த்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: அரசுக்கே சுரங்கத்தில் பங்கு இருக்கிறது. லாபம் மக்களுக்குத்தானே வரும்?

பதில்: வரிசையில் அரசு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வருகிற பணம் முதலில் நடப்புச் செலவுக்கு. பிறகு வங்கி வட்டி, தவணை. பிறகு அடுத்த ஆறு மாதத் தவணைக்கு ஒதுக்கி வைக்கும் கணக்கு. அதன் பிறகு தாய்க் கம்பெனி கொடுத்த கடன். கடைசியில் மிஞ்சினால் பங்குதாரருக்கு. ஓயு தொல்கோய் சுரங்கத்தில் மங்கோலிய அரசுக்கு 34 சதவீதம் உண்டு. ஆனால் அந்தப் பங்குக்குரிய முதலீட்டுப் பணத்தைப் பங்காளிக் கம்பெனியிடமே கடனாக வாங்கியது. வட்டியோடு அது 240 கோடி டாலராக ஏறி, லாபப் பங்கு கண்ணில் படாமலே போய்க்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில் அந்தக் கடனைக் கம்பெனி தள்ளுபடி செய்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது.

ஆகவே லாபப் பங்கைவிட ராயல்டி நம்பகமானது. அது விற்பனையின் மேல் போடப்படுகிறது, கணக்கப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்கு அதில் இடம் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. சொந்தக் குழுமத்தின் வியாபாரக் கம்பெனிக்கே மலிவாக விற்றதாகக் காட்டினால் ராயல்டியும் சுருங்கும். ஜாம்பியாவின் மோப்பானி சுரங்கத்தின் முஃபுலிரா உருக்காலைக்கு 2005இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கி கடன் கொடுத்தது. வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டு கிளம்பியதும், தாய்க் குழுமமான கிளென்கோருக்குப் புதிய கடன் தருவதை 2011இல் அந்த வங்கி நிறுத்தி வைத்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. உருக்காலைப் புகையோ அதற்குப் பிறகும் சில ஆண்டு ஊரை வாட்டியது.

கேள்வி: கம்பெனியும் கேட்கவில்லை, அதிகாரியும் கேட்கவில்லை. வங்கியிடம் நேரடியாகப் புகார் செய்யலாமா? எப்படி?

பதில்: செய்யலாம், ஆனால் முதலில் யார் பணம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வங்கிகளின் இணையதளத்தில் திட்டப் பெயர் அல்லது கம்பெனி பெயர் போட்டுத் தேடுங்கள். பெரும் பாதிப்புள்ள ‘ஏ’ வகைத் திட்டம் (மேலே சொன்ன ‘ஏ கடன்’ வேறு) என்றால், இயக்குநர் குழு முடிவெடுப்பதற்குக் குறைந்தது 60 நாளுக்கு முன் ஐ.எஃப்.சி. ஆவணங்களை வெளியிட வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 கொள்கையில் இது 120 நாளாக இருந்தது, 2026இல் அதற்குப் பதில் புதிய கொள்கை நடைமுறைக்கு வந்தது. உங்கள் பலம் முழுவதும் இந்த நாட்களில்தான் இருக்கிறது. பணம் கைமாறிவிட்டால் வங்கியும் கம்பெனியோடு ஒரே படகில் உட்கார்ந்துவிடும்.

அந்த ஆவணங்களில் ‘சுற்றுச்சூழல், சமூகச் செயல்திட்டம்’ என்று ஓர் அட்டவணை இருக்கும். இரண்டு மூன்று பக்கம்தான், ஆனால் சட்டப்படி கம்பெனியைக் கட்டுவது அதுதான். ஒவ்வொரு வரியிலும் செய்ய வேண்டியதும் கெடு தேதியும் இருக்கும். ‘முதல் தவணைக்கு முன்’ என்றிருந்தால் பல் உள்ள வரி. ‘கட்டுமானத்தின்போது’, ‘உரிய காலத்தில்’ என்றிருந்தால் பொக்கை வாய். உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று விஷயத்தை ‘முதல் தவணைக்கு முன்’ என்று மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். வங்கி வைத்திருக்கும் தனித் தணிக்கையாளரின் அறிக்கைகள் வெளியிடப்பட வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐ.எஃப்.சி. பணம் என்றால் புகார் போக வேண்டிய இடம் சி.ஏ.ஓ. என்ற குறைதீர்ப்பு அலுவலகம், 1999 முதல் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, எந்த மொழியிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். யார் பாதிக்கப்படுகிறார், எந்தத் திட்டம், என்ன பாதிப்பு, இதுவரை யாரிடம் முறையிட்டீர்கள், என்ன வேண்டும் என்று ஒன்றிரண்டு பக்கம் போதும். விதி எண்ணைக் குறிப்பிட வேண்டிய கட்டாயமில்லை. பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம், பெயரே இல்லாத மொட்டைக் கடிதம் மட்டும் எடுபடாது. புகார் ஏற்கப்பட்டதும் 90 வேலை நாள் மதிப்பீடு. அதில் சமரசப் பேச்சா, வங்கி விதியை மீறியதா என்ற விசாரணையா என்று முடிவாகும். சமரசத்துக்குக் கம்பெனியும் ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரணை வங்கியைப் பற்றியது, கம்பெனியைத் தண்டிப்பதற்கு அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் போய் ஏமாந்தவர்கள் அதிகம். கிணறு வேண்டும், வழித்தடம் வேண்டும் என்றால் சமரசம். திட்டமே தவறு என்றால் விசாரணை.

ஆசிய வளர்ச்சி வங்கியில் பாதிக்கப்பட்டவர் இருவராவது சேர்ந்து புகார் தர வேண்டும். முதலில் அந்த வங்கியின் திட்டப் பிரிவிடம் முறையிட்டதற்கான சான்றும் கேட்பார்கள். எனவே மின்னஞ்சலை அழிக்காதீர்கள், நேரில் பேசினால் அன்றே ‘இன்று இப்படிப் பேசினோம்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். மிரட்டல் வரும் இடமென்றால் அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். கூட்டத்துக்குக் கம்பெனி வண்டியில் வந்து இறங்கும் ஆலோசகரிடம் புகார்தாரர் பட்டியலைக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: நீதிமன்றத்துக்குப் போனால்?

பதில்: வங்கிக்கு எதிராக என்றால் கதவு இருக்கிறது, திறப்பது கடினம். குஜராத்தின் முந்த்ராவில் ஐ.எஃப்.சி. கடனில் கட்டிய அனல்மின் நிலையத்தால் பாதிக்கப்பட்ட மீனவர்களும் விவசாயிகளும் தொடுத்த வழக்கில், இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு முழு விலக்குரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொன்னது. ஆனால் வழக்கின் வேர் அமெரிக்க மண்ணில் இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் மறுபடி தள்ளுபடி செய்ய, 2022இல் முடிந்துபோனது. தாய்க் கம்பெனிக்கு எதிராக வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியைச் சேர்ந்த 1,826 பேர் கொங்கோலா செம்புச் சுரங்க மாசுக்காக வேதாந்தா நிறுவனத்தின் மேல் லண்டனில் வழக்குத் தொடரலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2021இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசமானது.

கேள்வி: கடனைக் கம்பெனி முன்கூட்டியே அடைத்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: நல்ல கேள்வி, வெகு சிலரே கேட்டிருந்தார்கள். கடன் அடைந்ததும் வங்கியின் விதிகள் ஒப்பந்தத்தோடு போய்விடும். சி.ஏ.ஓ.வில்கூட ஐ.எஃப்.சி. வெளியேறி 15 மாதம் வரைதான், அதுவும் விதிவிலக்காக, புகார் எடுப்பார்கள். செம்பு விலை நன்றாக இருக்கும்போது கம்பெனிகள் வேறு இடத்தில் மலிவாகக் கடன் வாங்கி இதை அடைப்பது சகஜம். கடன் பெரும்பாலும் 12, 15 வருடத்துக்கு. சுரங்கம் 40 வருடம் ஓடும். அமிலக் கசிவுக்குக் கணக்கே கிடையாது.

பப்புவா நியூ கினியில் ஓக் டெடி சுரங்கத்தின் கழிவு அணைக்கான இடம் 1984இல் நிலச்சரிவில் போனது. அணையே இல்லாமல் சுரங்கம் ஓடியது, கழிவு ஆற்றில் விடப்பட்டது. ஆற்றுப் படுகை உயர்ந்து, வெள்ளம் ஏறி, காடு பட்டுப்போனது. பெரிய பங்காளியான பி.எச்.பி. 2002இல் தன் பங்கை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்து, எதிர்கால வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் வாங்கிக்கொண்டு வெளியேறியது. அதே நாட்டின் பூகன்வில் தீவில் பங்குனா சுரங்கம் 1989இல் நின்றது. அதில் பெரும்பங்கு வைத்திருந்த ரியோ டிண்டோ கம்பெனி தன் பங்கை 2016இல் விட்டுக்கொடுத்தது. நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஜாபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கிடக்கிறது.

ஆகவே மூடல் பிணைத்தொகை, அதாவது சுரங்கத்தை மூடிச் சீர்செய்யும் செலவுக்கு முன்கூட்டியே கட்டிவைக்கும் பணம், கேளுங்கள். அதைக் கடன் ஒப்பந்தத்தில் மட்டும் எழுதினால் கடனோடு போய்விடும். அரசின் சுரங்க அனுமதியிலேயே எழுத வேண்டும். ‘கம்பெனியின் உறுதிமொழி’ என்று வந்தால் ஏற்க வேண்டாம். வைப்புத் தொகையாகவோ மூன்றாம் தரப்பு வங்கியின் உத்தரவாதமாகவோ இருக்க வேண்டும். கம்பெனியின் சொந்த லாரியை வைத்துச் செலவைக் குறைத்துக் காட்டுவார்கள். வெளி ஒப்பந்ததாரர் வந்து செய்தால் என்ன ஆகும் என்ற விலையில் கணக்கிட வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். முதல் வண்டி பாறையைக் கொட்டும் நாளிலிருந்தே பணம் சேரத் தொடங்க வேண்டும். ‘உற்பத்தி தொடங்கி பத்தாம் ஆண்டிலிருந்து’ என்ற வாசகம் வரைவில் இருந்தால், அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.